ஹைக்கூ எனும் இயக்க அமைப்பும் நிரல் கற்கும் மாணவரும்

ஹைக்கூ என்றவுடன் தமிழ்த்துறை மாணவர் நெஞ்சில் தோன்றுவது மூன்றடிக் கவிதையே. 1916-ஆம் ஆண்டில் மகாகவி பாரதியார் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதிய நாள்தொட்டு அவ்வடிவம் நமக்கு அறிமுகமானது. வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரியில் பேராசிரியராய் விளங்கிய கவிக்கோ அப்துல் ரகுமான் அவர்கள் அதனைத் தமிழில் வேரூன்றச் செய்த பெருமக்களுள் ஒருவர். ஆயினும் ஈண்டு நாம் பேசப் புகுவது கவிதையைப் பற்றியன்று. அதே பெயரைத் தாங்கி நிற்கும் கணிப்பொறி இயக்க அமைப்பு ஒன்றைப் பற்றியும், அதில் நிரல் எழுதக் கற்பது எத்தகையது என்பதைப் பற்றியுமே இக்கட்டுரை.

இயக்க அமைப்பு என்பது யாதெனில், கணிப்பொறியின் உறுப்புகளுக்கும் நாம் பயன்படுத்தும் நிரல்களுக்கும் இடையே நின்று இரண்டையும் இணைத்து ஆளும் அடிப்படை மென்பொருளாகும். மேசைக் கணிப்பொறிகளுள் பெரும்பாலானவற்றை மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் இயக்குகின்றது. ஆப்பிள் கணிப்பொறிகளுக்கு அந்நிறுவனத்தாரின் அமைப்பே உண்டு. லினக்ஸும் பலரால் அறியப்பட்டதே. இவற்றுக்கு அப்பால், சிறு குழுவினரான ஆர்வலர்கள் ஊதியம் கருதாது வளர்த்துவரும் மாற்று அமைப்புகள் சில உள. அவற்றுள் ஒன்று ஹைக்கூ.

இதில் நிரல் எழுதக் கற்பதால் என்ன பயன், எந்த நிறுவனம் வேலை தரும் என்று பெற்றோர் கேட்பர். கேட்பது முறையே. வேலைவாய்ப்பு விளம்பரம் எதிலும் இப்பெயரை நாம் கண்டதில்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு மேலே செல்வது நேர்மை. ஆனால் இத்தகைய வினா தமிழ்த்துறைக்குப் புதிதன்று. யாப்பிலக்கணம் படித்து என்ன செய்யப் போகிறாய் என்று உறவினர் கேட்ட கேள்விக்கு விடை தேடாத இலக்கிய மாணவர் எவரேனும் நம் வகுப்பில் இருக்கின்றனரா? ஆதலின் இவ்வினாவை ஒதுக்காமல், ஹைக்கூ மாணவனுக்கு எதைக் கற்றுக்கொடுக்கின்றது என்பதை உள்ளே புகுந்தே பார்ப்போம்.

முதலில் அதன் பிறப்பு வரலாறு சிறிது தேவை. ஏனெனில் இன்று மாணவன் திணறும் இடங்கள் பலவற்றுக்கும் காரணம் அதில்தான் உள்ளது. ஆப்பிள் நிறுவனத்தில் உயர்பதவி வகித்த ழான்-லூயி கஸ்ஸே என்னும் பிரெஞ்சுக்காரர் அங்கிருந்து விலகி 1990-இல் அமெரிக்காவில் பி என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். 1995-இல் அந்நிறுவனம் பிபாக்ஸ் என்ற கணிப்பொறியை வெளியிட்டது. இல்லங்களிலும் அலுவலகங்களிலும் இருந்த கணிப்பொறிகளுக்கு ஒரே ஒரு செயலி இருந்த காலத்தில், பிபாக்ஸில் இரண்டு செயலிகள் இருந்தன. செயலிகள் எவ்வளவு உழைக்கின்றன என்பதைக் காட்டும் விளக்குகள் பெட்டியின் முகப்பிலேயே மின்னின. இரண்டு செயலிகளுக்கும் ஓயாமல் வேலை கொடுக்க வேண்டுமாயின், ஒவ்வொரு நிரலும் தன் வேலையைப் பல கூறுகளாகப் பிரித்து ஒரே நேரத்தில் நடத்தியாக வேண்டும். பி.ஓ.எஸ். என்று பெயரிடப்பட்ட அதன் இயக்க அமைப்பு இக்கருத்தின்மீதே எழுப்பப்பட்டது.

1996-இல் ஆப்பிள் நிறுவனம் தன் பழைய அமைப்புக்கு மாற்றுத் தேடியபோது பி.ஓ.எஸ். அமைப்பை வாங்கப் பேச்சு நடத்தியது. விலை படியவில்லை. ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் நிறுவனத்தை ஆப்பிள் வாங்கிக்கொண்டது. அதன்பின் நடந்தவை உலகறிந்த கதை. பி நிறுவனமோ 1997-இல் கணிப்பொறி செய்வதை நிறுத்திவிட்டு, அமைப்பை மட்டும் இன்டெல் செயலிகளுக்கு ஏற்றவாறு மாற்றியமைத்து விற்க முயன்றது. 2000-இல் இலவசப் பதிப்பும் வெளியிட்டது. 2001-இல் அதன் உடைமைகளைப் பாம் நிறுவனம் 1 கோடியே 10 இலட்சம் டாலருக்கு வாங்கியபோது பி.ஓ.எஸ். கதை முடிந்தது.

முடிந்தது என்று அதனைப் பயன்படுத்தியவர்கள் ஒப்பவில்லை. அதே 2001-இல், மூலநிரல் கையில் இல்லாத நிலையில், பி.ஓ.எஸ். அமைப்பை முதலிலிருந்தே தாமாக எழுதிவிடுவது என்று சிலர் கூடினர். ஓபன் பி.ஓ.எஸ். என்று தொடங்கிய அம்முயற்சி 2004-இல் ஹைக்கூ என்று பெயர் மாற்றிக்கொண்டது. பி.ஓ.எஸ். உடன் வந்த நெட்பாசிட்டிவ் என்னும் இணைய உலாவி, பக்கம் கிடைக்காதபோது காட்டும் பிழைச்செய்திகளை ஹைக்கூக் கவிதைகளாகவே எழுதிக் காட்டுமாம். அதன் நினைவே இப்பெயர். 2009 செப்டம்பரில் முதல் ஆல்ஃபா வெளியீடும், 2018 செப்டம்பரில் முதல் பீட்டா வெளியீடும், 2024 செப்டம்பரில் ஐந்தாம் பீட்டாவும் வந்தன. தொடங்கிய ஆண்டில் பிறந்த குழந்தை கல்லூரியில் பட்டம் பெற்று வெளியேறிய பின்னரும் 'பீட்டா' என்னும் அடைமொழி நீங்கவில்லை. பொறுமைக்கு இலக்கணம் தேடுவோர் இதையும் குறித்துக்கொள்ளலாம்!

இனி, நிரல் எழுதும் முறைக்கு வருவோம்.

ஹைக்கூவின் இயல்பான நிரல்மொழி சி++. எழுதுவோர் கைக்கொள்ளும் ஆயத்தக் கூறுகள் 'கிட்' என்ற பெயரில் தொகுதி தொகுதியாக வைக்கப்பட்டுள்ளன. நிரலின் இயக்கத்துக்கு ஒன்று, சாளரம் முதலிய தோற்றத்துக்கு ஒன்று, கோப்புகளுக்கு ஒன்று, ஒலி-ஒளிக்கு ஒன்று என்றவாறு. வகுப்புகளின் பெயர்கள் யாவும் பி என்னும் எழுத்தில் தொடங்கும்: பி-அப்ளிகேஷன், பி-விண்டோ, பி-வியூ, பி-மெசேஜ். மறைந்த நிறுவனத்தின் பெயர் இவ்வாறு ஒவ்வொரு வரியிலும் வாழ்ந்துகொண்டிருக்கின்றது.

திரையில் வெற்றுச் சாளரம் ஒன்றைத் தோற்றுவிக்க இருபது வரிகளே போதும். முதலில் பி-அப்ளிகேஷன் பொருள் ஒன்றை ஆக்க வேண்டும். அதற்கு, முத்திரை போன்று வேறெந்த நிரலுக்கும் இல்லாத அடையாளத் தொடர் ஒன்றைத் தருதல் வேண்டும். பின்னர்ச் சாளரத்தை ஆக்கி, 'ஷோ' என்னும் ஆணையால் அதனை வெளிப்படுத்தி, 'ரன்' என்னும் ஆணையால் நிரலை ஓடவிட வேண்டும். வரிசை மாறலாகாது. பி-அப்ளிகேஷன் இல்லாமல் சாளரத்தை ஆக்க முயன்றால், திரையை ஆளும் சேவை நிரலோடு பேச வழியின்றி அந்நிரல் அங்கேயே நின்றுவிடும். பிழை ஆயும் கருவி எதிரே வந்து நிற்கும். எழுதியதைக் கம்பைலரிடம் தரும்போது 'லிப்-பி' என்னும் நூலகத்தையும் சேர்க்குமாறு சொல்ல வேண்டும். முதல்நாள் வகுப்பில் பாதிப்பேர் இதை மறந்து, அறியாத பெயர்கள் என்று கம்பைலர் அடுக்கும் நெடும்பட்டியலைக் கண்டு மிரள்வர்.

சாளரம் தோன்றிவிட்டது. மூலையிலுள்ள பொத்தானை அழுத்தினால் மறைந்தும் விட்டது. மகிழ்ச்சி! ஆனால் டெஸ்க்பார் என்னும் பட்டையைப் பார்த்தால் நிரல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றது. மீண்டும் இயக்கி, மீண்டும் மூடினாலும் அவ்வாறே. நாம் முதன்முதலாக எழுதியபோது இதை அமைப்பின் குறையென்றே எண்ணி அரைநாளைக் கழித்தோம். குறை நம்முடையது. ஹைக்கூவில் சாளரம் வேறு, நிரல் வேறு. சாளரம் மூடப்பட்டதும் நிரலும் முடிய வேண்டுமென்றால், அதற்குரிய செய்தியைச் சாளரமே நிரலுக்கு அனுப்ப வேண்டும். அல்லது சாளரத்தை ஆக்கும்போதே அவ்வாறு குறித்துவிட வேண்டும்.

இவ்விடத்தில்தான் ஹைக்கூவின் உயிர்நிலை தொடங்குகின்றது. பிபாக்ஸின் இரண்டு செயலிகளை நினைவில் கொள்க. ஒவ்வொரு சாளரமும் தனக்கென ஓர் 'இழை'யைக் கொண்டு தனித்து இயங்குகின்றது. இழை என்பது நிரலுக்குள் தனியே ஓடும் ஒரு செயல்தொடர். மூன்று சாளரங்கள் உள்ள நிரலில், பயன்பாட்டுக்குரிய இழையையும் சேர்த்துக் குறைந்தது நான்கு இழைகள் ஒரே காலத்தில் ஓடும். ஒரு சாளரம் கடுமையான வேலையில் சிக்கினாலும் மற்றவை தடையின்றி நமக்கு விடை சொல்லும். பி.ஓ.எஸ். பயன்படுத்தியவர்கள் அதன் விரைவைப் புகழ்ந்தமைக்கு இதுவே முதற்காரணம்.

ஒரே வீட்டில் நால்வர் ஒரே நேரத்தில் வேலை செய்தால் ஒருவர் எடுத்ததை மற்றவர் தட்டிவிடாமல் இருக்க ஒழுங்கு வேண்டுமன்றோ? அவ்வொழுங்கு இரண்டு வகையில் அமைந்துள்ளது. ஒன்று பூட்டு; மற்றொன்று செய்தி.

சாளரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பூட்டு உண்டு. வேறோர் இழை அச்சாளரத்தில் எதையேனும் மாற்ற விரும்பினால், முதலில் பூட்டைத் தன் கைவசப்படுத்தி, மாற்றியபின் விடுவித்தல் வேண்டும். கேட்பதற்கு எளிதே. ஆனால் முதற்சாளரத்தின் இழை தன் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே இரண்டாம் சாளரத்தின் பூட்டுக்காகக் காத்திருக்கின்றது என்று கொள்வோம். அதே கணத்தில் இரண்டாம் சாளரத்தின் இழை தன் பூட்டை விடாமல் முதலதன் பூட்டுக்காகக் காத்திருந்தால் என்னாகும்? இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி என்றென்றும் நிற்கும். திரை உறைந்துவிடும், பிழைச்செய்தி கூட வராது. பத்து முறை ஒழுங்காக ஓடிய நிரல் பதினோராம் முறை இவ்வாறு நிற்பதும் உண்டு. ஏனெனில் இரு இழைகளும் அக்கணத்தில் சந்தித்தால்தான் சிக்கல் தோன்றும். இத்தகைய பிழையைத் தேடிப் பிடிக்கும் மாணவன் ஒரு வாரத்தில் கற்பது, பிழையே இல்லாத நிரலை எழுதி ஓராண்டில் கற்பதினும் மிகுதி என்பது நமது துணிபு.

ஆகவே பூட்டைச் சுருக்கமாகவும் செய்தியைத் தாராளமாகவும் பயன்படுத்துக என்பர் பழகியோர். பி-மெசேஜ் என்பது ஏறத்தாழ ஓர் அஞ்சலுறை. உறையின் மேல் அது எதைப் பற்றியது என்பதற்கு ஒரு குறியெண். பெரும்பாலும் நான்கு எழுத்துகளைச் சேர்த்து அக்குறியெண்ணை ஆக்குவது வழக்கம். உள்ளே பெயரிட்டு வைத்த விவரங்கள்: இன்ன பெயரில் ஒரு சொற்றொடர், இன்ன பெயரில் ஓர் எண். பொத்தானை அழுத்துதல், பட்டியலில் ஒன்றைத் தேர்தல், வேறொரு நிரலிலிருந்து கோப்பை இழுத்து வந்து போடுதல் ஆகிய யாவும் இவ்வுறைகளாகவே சாளரத்தின் வாயிலில் வரிசையில் வந்து நிற்கும். சாளரம் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்து ஆவன செய்யும். அனுப்பியவர் காத்திருக்க வேண்டுவதில்லை. அடுத்த சாளரத்துக்கு ஒன்றைத் தெரிவிக்க வேண்டுமா? உள்ளே நுழைந்து அதன் பொருள்களைத் தொடாமல் ஓர் உறையை அனுப்பிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கலாம்.

இதிலும் இரண்டு இடறுகல் உண்டு. தனக்குப் புரியாத செய்தி வந்தால் அதனைத் தாய்வகுப்பிடம் ஒப்படைத்துவிட வேண்டும். மாணவர் பலர் அவ்வொரு வரியை விட்டுவிடுவர், பிறகு, வழக்கமாக நடக்கும் சிலவும் நடவாமல் போகும், காரணம் புலப்படாது. மற்றொன்று, நெடிய வேலைக்கெனப் புதிய இழை ஒன்றைத் தோற்றுவிக்கும்போது நேர்வது. அவ்விழை பிறக்கும்போதே உறங்கும் நிலையில்தான் பிறக்கும். அதை எழுப்பத் தனி ஆணை தர வேண்டும். எழுப்ப மறந்துவிட்டு, 'என் நிரல் ஏன் ஒன்றுமே செய்யவில்லை?' என்று கேட்பவர்க்கு நாம் தரும் விடை, 'அது இன்னும் துயில் எழவில்லை' என்பதே.

இன்று விலை குறைந்த கணிப்பொறியிலும் கைப்பேசியிலும்கூடப் பல செயலிக்கருக்கள் உள்ளன. ஆயினும் ஏனைய அமைப்புகளில் தொடக்கநிலை மாணவன் ஒற்றை இழையிலேயே எழுதிப் பல்லாண்டு காலம் ஓட்டிவிட இயலும். ஹைக்கூவிலோ இரண்டாம் சாளரத்தைத் திறந்த அன்றே அவன் இழைகளையும் பூட்டுகளையும் நேருக்கு நேர் சந்திக்கின்றான். இது கடுமையான ஆசிரியன்தான். இங்கேயே மனம் சலித்து விலகுவோரும் உளர் என்பதை மறைக்கவில்லை. நிலைத்து நின்றவன் பின்னர் எந்த அமைப்புக்குச் சென்றாலும் இப்பயிற்சி அவனோடு செல்லும்.

பாடநூலுக்கும் பஞ்சமில்லை. டார்க்விர்ம் என்ற புனைபெயர் கொண்ட ஜான் யோடர் என்பார், நிரல் என்றால் என்னவென்றே அறியாதவரையும் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் பாடங்களை ஹைக்கூவுக்கென்றே எழுதியுள்ளார். பி நிறுவனம் தன் காலத்தில் எழுதிய விளக்க நூலை, பின்னாளில் அதன் உரிமை வந்து சேர்ந்த அக்சஸ் என்னும் ஜப்பானிய நிறுவனம் அனைவரும் படிக்குமாறு வழங்கியுள்ளது. அழிந்த நிறுவனம் ஒன்றின் கையேடு இன்றும் உயிருள்ள பாடநூலாக இருப்பது வியப்பே.

இலக்கிய மாணவர் விரும்பத்தக்க பகுதி ஒன்று உண்டு. அது கோப்பு முறை. டொமினிக் ஜியாம்பாவ்லோ, சிரில் மெரியோன் ஆகிய இருவர் பி.ஓ.எஸ். அமைப்புக்கு வகுத்த முறையைப் பின்பற்றி ஹைக்கூக் குழுவினர் தம்முடையதை எழுதினர். இதில் ஒவ்வொரு கோப்புக்கும் அதன் உள்ளடக்கத்துக்குப் புறம்பாக, நாம் விரும்பும் 'பண்பு'களை ஒட்டி வைக்கலாம். கவிதைக் கோப்பு ஒன்றுக்கு ஆசிரியர், நூல், ஆண்டு, பா வகை என நான்கு பண்புகளை அமைத்தால், 1970-க்குப் பின் வெளியான வெண்பாக்கள் யாவை என்று அமைப்பையே வினவலாம். தனியே தரவுத்தள நிரல் வேண்டுவதில்லை. விடையாக வரும் பட்டியல் உயிருள்ளது: அதைத் திறந்து வைத்திருக்கும்போதே வேறொரு கோப்புக்கு அப்பண்பை ஒட்டினால், அக்கோப்பு தானே வந்து பட்டியலில் சேரும். துறை நூலகத்தின் பட்டியலை இம்முறையில் அமைத்துப் பார்ப்பது மாணவர்க்கு ஏற்ற முதற்பணி.

ஓர் எச்சரிக்கை. வினவ விரும்பும் பண்புக்கு முன்கூட்டியே அகரவரிசை போன்ற சுட்டு ஒன்றை நிறுவ வேண்டும். நிறுவுவதற்கு முன்னரே பண்பு ஒட்டப்பட்ட கோப்புகள் தாமாகச் சுட்டில் ஏறா. அவற்றை மீண்டும் ஏற்றுதல் வேண்டும். மேலும், கோப்புகளைப் பென்டிரைவில் படியெடுத்துப் பிற கணிப்பொறிக்குக் கொண்டு சென்றால், பென்டிரைவின் கோப்புமுறை பண்புகளை அறியாததாயின் அவை வழியிலேயே உதிர்ந்துவிடும். உள்ளடக்கம் மட்டுமே மிஞ்சும். பல நாள் உழைப்பு இவ்வாறு வீணாவதைக் காண்பது கொடுமை.

இனித் தமிழுக்கு வருவோம். இக்கட்டுரையை எழுதத் தூண்டியதே இப்பகுதிதான்.

1990-களில் தமிழைக் கணிப்பொறியில் எழுதியவர்க்கு ஒரு துன்பம் நினைவிருக்கும். ஓர் எழுத்துருவில் தட்டியதை வேறோர் எழுத்துருவில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். அவரவர் எழுத்துருவுக்கு அவரவர் எண்முறை இருந்தமையே காரணம். கலைச்சொல் அகராதிகளை வாழ்நாட்பணியாகத் தொகுத்த மணவை முஸ்தபா அவர்கள் கணினிச் சொற்களைத் தமிழாக்கிய காலமும் அதுவே. சொற்கள் கிடைத்தன, அவற்றை ஒரே சீராகத் திரையில் நிறுத்த வழி இல்லை. பி.ஓ.எஸ். அப்போதே உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான யூனிகோடு எண்முறையை, யூ.டி.எஃப்-8 என்னும் வடிவில் ஏற்றுக்கொண்டிருந்தது. ஹைக்கூவும் அதையே கொண்டுள்ளது. ஆகவே தமிழில் கோப்புக்குப் பெயரிடலாம். பண்புகளைத் தமிழிலேயே எழுதலாம்.

மாணவரிடம் நாம் தரும் ஒரு சிறு பயிற்சி இது. 'தமிழ்' என்னும் சொல்லைச் சொற்றொடருக்குரிய பி-ஸ்ட்ரிங் பொருளில் வைத்து, அதன் நீளத்தைக் கேட்கச் செய்வோம். விடை 15. எத்தனை குறிகள் என்று வேறோர் ஆணையால் கேட்டால், விடை 5. தமிழாசிரியரைக் கேட்டாலோ, த, மி, ழ் என மூன்றெழுத்து, மாத்திரை இரண்டரை. மூன்று விடைகளும் சரியே! யூனிகோடு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்தாகப் பிரிக்கின்றது. ஒவ்வொன்றும் யூ.டி.எஃப்-8 முறையில் மூன்று பைட் இடம் கொள்ளும், ஆகப் பதினைந்து. சொல்லின் நடுவே எண்ணாமல் வெட்டினால் மெய் ஒரு பக்கமும் உயிர்க்குறி மறுபக்கமுமாகச் சிதறும். உயிர்மெய் என்பதன் பொருளை இதைவிடத் தெளிவாக விளக்கும் கருவி நம்மிடம் இருந்ததில்லை.

சேமிப்பதில் குறையில்லை, ஆனால் திரையில் வரைவதில்தான் குறை. 'கெ' என்னும் எழுத்தில் முதலில் வருவது க, பின் வருவது எகரக் குறி. இது ஒலிக்கும் வரிசை. எழுதும்போதோ கொம்பு முன்னே செல்கின்றது. 'கொ' என்பதில் கொம்பு முன்னும் கால் பின்னுமாகக் குறி இரண்டாகப் பிளக்கின்றது. 'கு', 'டு', 'மு', 'து' ஆகியவற்றில் உகரம் ஒவ்வொரு மெய்யோடும் ஒவ்வொரு வடிவில் ஒட்டுகின்றது. எண்வரிசையை இவ்வெழுத்து வரிசையாக மாற்றித் தருவது எழுத்து வடிவமைப்பு என்னும் தனி வேலை. ஹைக்கூவில் திரையை ஆளும் சேவை நிரல், 2024-இல் வெளிவந்த ஐந்தாம் பீட்டா வரையிலும், ஒரு குறிக்கு ஒரு வடிவம் என்று ஒவ்வொன்றாக எடுத்து இடமிருந்து வலமாக அடுக்குவதோடு நின்றுவிடுகின்றது. அதனால் கொம்பு தன் இடத்துக்குச் செல்லாமல் எழுத்துக்குப் பின்னே நிற்கின்றது.

இக்குறை தமிழுக்கு மட்டுமன்று. அரபி எழுத்து வலமிருந்து இடமாகச் செல்வது. சொல்லின் முதலிலும் நடுவிலும் இறுதியிலும் ஒரே எழுத்து வெவ்வேறு வடிவில் இணைவது. அதுவும் இங்கே உதிரி உதிரியாகவே விழுகின்றது. அரபு எழுத்தில் தமிழை எழுதி அரபுத்தமிழ் என்னும் இலக்கிய மரபையே வளர்த்த சமுதாயம் நம்முடையது. நம் இரு எழுத்துகளும் ஒரே இடத்தில் ஒரே காரணத்தால் உடைந்து நிற்பதைத் திரையில் கண்டபோது மனம் வருந்தாமல் இருக்க இயலவில்லை.

இதற்கு மருந்து உலகில் இல்லாமலில்லை. பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் என்னும் ஈரானியர் உருவாக்கி வளர்த்த ஹர்ஃபுபாஸ் என்னும் நூலகம் லினக்ஸ் முதலிய பல அமைப்புகளில் இவ்வேலையைச் செய்துவருகின்றது. அதன் பெயரே பாரசீக மொழியில் திறந்த எழுத்து எனப் பொருள்படும். ஹர்ஃப் என்பது மதரஸாவில் முதல்நாள் நாம் கற்ற அதே அரபிச் சொல்தான். அந்நூலகத்தைக் கொண்டுவந்து ஹைக்கூவில் பொருத்திவிட்டால் போதாதா என்று மாணவர் கேட்கின்றனர்.

போதாது. நிரல் எழுதுவோர்க்கு ஹைக்கூ அளித்துள்ள ஆணைகளுள் சில, ஒரு சொற்றொடரைத் தந்தால் அதன் ஒவ்வொரு குறியின் அகலத்தையும் தனித்தனியே எண்ணித் தருவன. குறி ஒன்று, வடிவம் ஒன்று என்று 1990-களில் பி நிறுவனம் கொண்ட கருத்து அதனுள் உறைந்துள்ளது. பழைய நிரல்கள் மாற்றமின்றி ஓட வேண்டும் என்பது ஹைக்கூவின் தொடக்கக் கொள்கை. 32 பிட் பதிப்பில் பழைய பி.ஓ.எஸ். நிரல்கள் இன்றும் ஓடுவது அக்கொள்கையின் பயனே. 'கொ'வில் இரண்டு குறி, மூன்று துண்டு, ஓரெழுத்து. இதற்குத் தனித்தனி அகலம் கேட்கும் பழைய நிரலுக்கு எதை விடையாகத் தருவது? தட்டச்சுக் குறிமுள் 'கொ'வின் எந்த இடத்தில் நிற்பது? சேவை நிரல், எழுதுபெட்டி, ஆணைகள் என மூன்று அடுக்கிலும் கைவைக்க வேண்டிய வேலை இது.

விண்டோஸில் இத்தகைய குறையைக் கண்டால் நாம் செய்யக்கூடியது நிறுவனத்துக்கு முறையிட்டுக் காத்திருப்பதொன்றே. ஹைக்கூவின் மூலநிரல் முழுவதும் எவரும் படிக்கத் திறந்து கிடக்கின்றது. எழுத்துகளை அடுக்கும் அவ்வரிகள் எந்தக் கோப்பில் உள்ளன என்பதை மாணவர் ஒருவரே தேடிக் கண்டார். குறிகளை ஒவ்வொன்றாக எடுக்கும் சுழல் அங்கே கண்ணெதிரே தெரிகின்றது. தந்த திருத்தத்தை அங்குள்ள மூத்தோர் உடனே ஏற்றுக்கொள்வர் என்று எண்ண வேண்டா. எழுதும் பாணிக்கே வரையறை வகுத்து வைத்திருப்பவர்கள் அவர்கள். செய்யுளில் தளை தட்டினால் நம் ஆசிரியர் திருப்பித் தருவதில்லையா, அதுபோலத்தான்.

நிரலாளர் விடை காண இயலாத வினாக்களும் இதில் உள்ளன. 'கொ' என்று தட்டியபின் அழிக்கும் விசையை ஒருமுறை அழுத்தினால், எழுத்து முழுவதும் அழிய வேண்டுமா, கொம்பும் காலும் மட்டும் நீங்கிக் 'க' எஞ்ச வேண்டுமா? சென்ற பருவத்தில் இரண்டாமாண்டு இலக்கிய வகுப்பில் இதனைக் கேட்டோம். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. நாள்தோறும் தட்டச்சு செய்து பழகியோர், தவறிய குறி மட்டும் நீங்கினால் போதும் என்றனர். யாப்புப் படித்தோர், உயிர்மெய் ஓரெழுத்தே, அதைப் பாதியாய் அழிப்பது முறையன்று என்று வாதிட்டனர். அரபி தெரிந்த மாணவர் ஒருவர் எழுந்து, எழுத்தின் மேல் ஜபர், ஜேர் இட்டிருந்தால் அதற்கும் இதே கேள்வி எழுமே என்றார். மணி அடித்துவிட்டது. இரு தரப்பாரும் தத்தம் கருத்தை எடுத்துக்காட்டுகளோடு எழுதித் தருமாறு கேட்டிருக்கின்றோம்.